டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்

பிறப்பினால் இழிவு சுமத்தப்பட்டோர் கல்வியினால் உயர்ந்த வரலாறுகள் நம் நாட்டில் பல உண்டு. ஆயினும், தாம் கரையேறியதோடு அமையாமல், தம் மரபினர் மீது பூட்டப்பட்ட விலங்கையே தகர்க்க முற்பட்டோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வித் துறையில் பணியாற்றியவர். அன்னையார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பருவமெய்திய பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாத காலம் அது. எனவே வீட்டிலிருந்தே பயின்று மெட்ரிகுலேஷன் தேர்வில் வென்றார். அடுத்து, ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் புறந்தள்ளி இடமளித்தார்.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்றலாகாது என்னும் உறுதியைப் பெற்ற பின்னரே அத்திருமணத்திற்கு இசைந்தார் என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது.

1926ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பெற்று, 1927இல் அதன் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபை உறுப்பினரான முதற் பெண்மணி அவரே. சிறுமியரைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்குமாறு அவ்வாண்டே அவையில் தீர்மானம் கொணர்ந்தார். சமயத்திற்கும் கலைக்கும் கேடு வரும் எனச் சிலர் எதிர்த்தனர். அம்மையார் தளரவில்லை.

1929இல் அவர் முயற்சியால் நிறைவேறிய சட்டத்திருத்தத்தின் சிறப்பு யாதெனில், அது நிலத்தைத் தொட்டதேயாகும். கோயில் ஊழியம் செய்தால்தான் மானிய நிலம் என்ற நிலையில், வயிற்றுப் பிழைப்புக்காகவே தாய் தன் மகளையும் பொட்டுக்கட்ட நேர்ந்தது. அத்திருத்தம் நிலத்தை ஊழியத்தினின்று விடுவித்து, அப்பெண்களுக்கே உரிமையாக்க வழி செய்தது. ஊர் ஊழியத்திற்கென விடப்பட்ட மானியத்தின் கட்டை அறிந்த நம் மக்களுக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் மக்களிடையே இவ்வழக்கத்திற்கெதிராகப் பரப்புரை செய்தனர். பொட்டுக்கட்டுதலை முற்றிலும் தடை செய்யும் சட்டம் 1947இல் நிறைவேறியது.

1930இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து அம்மையார் பதவியைத் துறந்தார். அக்காலத்தே தேவதாசி மரபுச் சிறுமியர் சிலர் அவரிடம் அடைக்கலம் தேடி வந்தனர். மாணவியர் விடுதிகள் அவர்களை ஏற்க மறுத்தன. அம்மையார் தம் இல்லத்திலேயே அவர்களுக்கு இடமளித்தார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்து, ஆதரவற்ற பெண்கள் பலருக்குக் கல்வியும் வாழ்வும் அளித்தது.

தம் தங்கை புற்றுநோய்க்கு இரையானதைக் கண்ட துயரம் அவர் நெஞ்சினின்று நீங்கவில்லை. பல்லாண்டு முயன்று நிதி திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் திறக்கப்பெற்றது. 1956இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968 ஜூலை 22ஆம் நாள் மறைந்தார். தமிழ்நாடு அரசு ஏழைத் தாய்மாருக்கான மகப்பேறு நிதியுதவித் திட்டத்திற்கு அவர் பெயரைச் சூட்டியது.

ஒரு பெண்ணுக்குத் திறந்த கல்லூரிக் கதவு எத்தனை பெண்களுக்கு வழியாயிற்று என்பதை நம் பெற்றோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். குழந்தை மணத்தைத் தடுக்க 1929இல் சாரதா சட்டம் வந்தபோது பெண்ணின் மணவயது 14. 1978 முதல் அது 18. எனினும் நம் தருமபுரி மாவட்டத்தில், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி மணமேடைக்கு அனுப்பப்படும் சிறுமியர் இன்றும் உளர். வறுமையும் ஊர்ப்பேச்சும் அதற்குக் காரணமாகக் காட்டப்படுகின்றன. இவ்விரண்டையும் அம்மையாரும் அறிந்தவரே. ஆதலின், வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தார், இனிவரும் ஆண்டுகளில் பத்தாம் வகுப்பு முடித்த நம் பெண்மக்கள் ஒவ்வொருவரையும் பெயர் குறித்துக் கணக்கெடுத்து, பெற்றோரை நேரிற் கண்டு பேசி, மேற்படிப்பில் சேர்க்கும் பொறுப்பை ஏற்றல் வேண்டும். அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவாகவே அமையட்டும்.