முக்காலி மேல் நின்றவர்

தச்சரின் மகன் விவியன் தாமஸ் 1910-இல் அமெரிக்காவில் பிறந்தார். மருத்துவம் படிக்கச் சேர்த்த பணம் வங்கி முறிவில் போயிற்று. 1930-இல் டாக்டர் பிளேலாக்கின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். செய்தது ஆராய்ச்சி, கறுப்பர் என்பதால் பெற்றதோ துப்புரவாளர் ஊதியம்!

1941-இல் இருவரும் பால்டிமோர் சென்றனர். பிறவி இதயக் குறையால் நீலம் பாரித்து வாடும் குழந்தைகளைக் காக்க வழி கேட்டார், டாக்டர் டாசிக் அம்மையார். கைக்குச் செல்லும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைக்கும் முறையை, நாய்களிடம் செய்து செய்து தேர்ந்தார் தாமஸ். 1944 நவம்பர் 29-இல் 15 மாதக் குழந்தைக்குப் பிளேலாக் அறுவை செய்தபோது, பின்னால் முக்காலி மேல் நின்று வழிகாட்டினார். சில திங்களில் அக்குழந்தை மறைந்தது. ஆனால் அம்முறையால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிழைத்தன.

முறைக்குச் சூட்டப்பட்டவை மற்ற இருவரின் பெயர்களே. 1976-இல்தான் தாமஸுக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் கிட்டியது. 1985-இல் மறைந்தார்.

மும்பையில் ஆய்வேடு எழுதும் நண்பர்களே, நமக்கு உதவிய கைகளின் பெயரையும் அதில் எழுதுவோம்!