ஜி. டி. நாயுடு

வானொலி அலைகளால் கரையிலிருந்தே செலுத்தப்படும் சிறு படகு, ஏரி நீரைக் கிழித்துக்கொண்டு விரைவதைக் காணும் மாணவர் வியப்புறுவர். அப்படகின் உயிர் அதனுள் அமைந்த சிறு மோட்டாரேயாகும். மோட்டார் சுழலும்போது, அதனோடு பிணைந்த விசிறி நீரைப் பின்னே தள்ளப் படகு முன்னே செல்லும். மோட்டாரின் வலிமைக்கு மிஞ்சிய விசிறியைப் பூட்டினால் மோட்டார் சூடேறிக் கெடும். மிகச் சிறிய விசிறியைப் பூட்டினாலோ, அது வீணே சுழலுமன்றிப் படகு விரையாது. ஆற்றலும் சுமையும் அறிந்து பொருத்துதலே பொறித்தொழிலின் அடிப்படையாகும். இத்தகைய உண்மைகளைப் பள்ளியில் பயிலாது, பொறிகளைப் பிரித்துப் பார்த்தே உணர்ந்த மேதை ஒருவர் நம் கொங்கு நாட்டில் வாழ்ந்தார். அவரே ஜி. டி. நாயுடு.

கோவைக்கு அண்மையிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில், 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள், உழவர் குடியில் அவர் பிறந்தார். ஏட்டுக் கல்வியில் அவர் உள்ளம் பற்றவில்லை. தொடக்கக் கல்வியோடு பள்ளி வாழ்வு முடிந்தது. ஒருநாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வரக் கண்டார். எருதும் குதிரையுமின்றி ஓடிய அவ்வண்டி இளைஞரின் மனத்தைக் கொள்ளை கொண்டது. கோவைக்குச் சென்று, உணவு விடுதி ஒன்றில் பணியாளராய் அமர்ந்து, சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து, 300 ரூபாய்க்கு ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். அதில் ஏறி உலாவுவதோடு அவர் அமைதியுறவில்லை. உறுப்பு உறுப்பாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். அதுவே அவர் பயின்ற கல்லூரி.

1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஒன்றைத் தாமே ஓட்டத் தொடங்கினார். அவ்வொரு வண்டி நாளடைவில் யு.எம்.எஸ். என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. செருமனி முதலிய நாடுகளுக்குச் சென்று தொழில் நுட்பங்களைக் கண்டறிந்தார். பசை மின்கலத்தால் இயங்கும் சிறு மோட்டாரைக் கொண்டு மின் சவரக் கருவி ஒன்றையும் அமைத்தார்.

1932ஆம் ஆண்டில் பைக்காராவிலும், 1937ஆம் ஆண்டில் மேட்டூரிலும் நீர்மின் நிலையங்கள் இயங்கலாயின. மின்சாரம் வந்தது, அதனைத் தொழிலாக்கும் மோட்டார்களோ அயல்நாட்டிலிருந்தே வந்தன. இக்குறை தீர, அந்த 1937ஆம் ஆண்டிலேயே நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் முயன்று பீளமேட்டில் மின்மோட்டார் செய்தனர். இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் எனப் போற்றப்படுவது அதுவே.

இதன் பயனைச் சேலம் நாமக்கல் சமவெளி நன்கறியும். ஜேடர்பாளையத்தில் காவிரியினின்று பிரியும் வாய்க்கால் பாயும் நிலம் ஒரு பகுதியே. எஞ்சிய நிலம் பெரும்பாலும் கிணற்றையே நம்பியிருந்தது. விடியுமுன் எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்தல் உழவரின் அன்றாடப் பாடு. பின்னர்க் கோவையில் உருவான மோட்டார்களும் பம்புகளும் இக்கிணறுகளுக்கு வந்தன. படகிற்கு விசிறி எப்படியோ, அப்படியே பம்பிற்கு அதனுள் சுழலும் சக்கரம். கிணற்றின் ஆழமும் நீரின் அளவும் அறிந்து, ஏற்ற குதிரைத்திறனை உழவர் தேர்ந்தனர். எருதுகளின் கழுத்து இளைப்பாறிற்று.

எனினும் நாயுடுவின் வழி முழுதும் மலர்வழியன்று. 1945ஆம் ஆண்டில் கோவையில் தொழிற்கல்லூரி தோன்ற உதவி, அதன் முதல்வராயும் விளங்கினார். நெடுங்காலப் படிப்பு இளைஞரின் காலத்தை வீணாக்குமென்று கருதி அப்பதவியைத் துறந்தார். 1952ஆம் ஆண்டில், 2000 ரூபாய் விலையில் இருவர் செல்லத்தக்க சிறு கார் ஒன்றை உருவாக்கினார். அதனைப் பெருக்க அரசின் உரிமம் கிடைக்கவில்லை. மனம் நொந்து, தாம் செய்த கருவிகளையே ஒருமுறை மக்கள் முன்னிலையில் உடைத்தார். அச்செயலை ஒப்பாதாரும் அவர் உற்ற வேதனையை உணர்ந்தனர். ஆயினும் அவர் முயற்சி ஓயவில்லை. 1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

மாணவர்களே! பொறியைப் பிரித்தல் எவர்க்கும் எளிது. பிரித்ததை மீண்டும் பூட்டி இயங்கச் செய்தலே அரிது. அவ்வரிய பொறுமையே கலங்கல் சிறுவரை மேதையாக்கியது. அதனை நாமும் பெற்று நாட்டிற்குப் பயன்படுவோமாக.