முப்புரி கண்ட அறிஞர்

நுழையும்முன்

நம் தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். அதன் வடிவம் இன்னதென்று கண்டறியப்பட்ட இடம் சென்னை. அக்கண்டுபிடிப்பை எதிர்த்து எழுந்த வினா ஒன்று, அதனினும் பெரிய கண்டுபிடிப்புக்கு வழிதிறந்தது. அவ்விரண்டையும் நிகழ்த்திய ஜி. என். இராமச்சந்திரனின் வாழ்க்கை வரலாறே இப்பாடம்.

இளமையும் கல்வியும்

கோபாலசமுத்திரம் நாராயண இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். திருநெல்வேலிப் பகுதியிலுள்ள கோபாலசமுத்திரம் அவருடைய முன்னோர் வாழ்ந்த ஊராகும். தந்தை எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியராகப் பணியாற்றியவர். ஆதலால் கணிதப் பற்று இராமச்சந்திரனுக்குத் தந்தைவழிச் செல்வமாகவே வாய்த்தது.

திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற அவர், 1942இல் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கு இயற்பியல் துறையை வழிநடத்திய சர் சி. வி. இராமன், அவ்விளைஞரின் அறிவுக்கூர்மையைக் கண்டு தம் துறைக்கே அழைத்துக்கொண்டார். இராமனின் வழிகாட்டுதலில் படிகங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் ஆய்வு செய்து, 1949இல் மற்றொரு முனைவர் பட்டத்துடன் தாயகம் திரும்பினார்.

சென்னையில் தொடங்கிய தேடல்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைமையேற்குமாறு துணைவேந்தர் இலட்சுமணசுவாமி முதலியார் முதலில் இராமனையே வேண்டினார். இராமன் தம் மாணவரைப் பரிந்துரைத்தார். 1952இல், ஏறத்தாழ முப்பது வயதில், இராமச்சந்திரன் அப்பொறுப்பை ஏற்றார்.

இங்கிலாந்து அறிவியலாளர் ஜே. டி. பெர்னல் அக்காலத்தில் சென்னைக்கு வருகை தந்தார். கொலாஜனின் வடிவம் இன்னும் தெளிவாகவில்லை என்பதை அவருடன் நிகழ்ந்த உரையாடல் உணர்த்தியது. ஆய்வுக்கு வேண்டிய பொருளைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியிருக்கவில்லை. தோலின் முதன்மையான புரதம் கொலாஜன். தோல் ஆராய்ச்சிக்கென்றே அமைந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமோ பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்கு அருகிலேயே இருந்தது. கங்காருவின் வால் தசைநாணும் ஆய்வுக்குப் பயன்பட்டது.

ஒரு பொருளின் ஊடே எக்ஸ் கதிரைச் செலுத்தினால், அணுக்களின் அடுக்குமுறைக்கேற்பப் புள்ளிகளும் கோடுகளும் ஒளிப்படத் தகட்டில் பதியும். அப்பதிவைக் கொண்டு அணுக்கள் நிற்கும் முறையை உய்த்துணர வேண்டும். கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு அமினோ அமிலங்கள் கிளைசின் என்பதும் அறியப்பட்டிருந்தது. இவ்விரு சான்றுகளையும் இணைத்து, இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் ஒரு வடிவத்தை முன்வைத்தனர். மூன்று புரதச் சங்கிலிகள் ஒருங்கிணைந்த மூவிழைச் சுருளே அது. மறு ஆண்டில் அதனை மேலும் திருத்தினர்: ஒவ்வொரு சங்கிலியும் இடப்புறமாகச் சுருள, மூன்றும் சேர்ந்து வலப்புறமாக ஒன்றையொன்று பின்னிக்கொள்கின்றன என்றனர். முப்புரிக் கயிறு திரிப்போர் அறிந்த நுட்பம் இது. தனிப்புரியின் முறுக்கும் கூட்டு முறுக்கும் எதிரெதிராக அமைந்தால் கயிறு எளிதில் பிரிவதில்லை. மூன்று புரிகளும் நெருங்கும் நடுவிடம் மிகக் குறுகியது. அங்கு மிகச் சிறிய கிளைசினுக்கே இடமுண்டு. எனவேதான் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் அது வருகிறது.

எதிர்ப்பும் விடையும்

1955இல் அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் ஆகிய இருவரும் இவ்வடிவத்தைக் குறைகூறினர். டி.என்.ஏ.வின் ஈரிழை வடிவத்தைக் கண்டறிந்த இருவருள் ஒருவர் கிரிக். சென்னை வடிவத்தில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்பதும், அதில் கூறப்பட்ட ஹைட்ரஜன் பிணைப்புகள் இரண்டில் ஒன்றே இயலும் என்பதும் அவர்களின் வாதம். மூவிழை என்னும் அடிப்படை நிலைத்தது; பிணைப்புகளைப் பற்றிய பிற்கால ஆய்வுகள் எதிர்த்தோரின் கருத்தையே பெரிதும் ஆதரித்தன.

இராமச்சந்திரன் அந்த வாதத்திலிருந்து ஓர் அடிப்படை வினாவைப் பிரித்தெடுத்தார். பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் எவ்வளவு அருகில் நிற்கலாம்? இதற்கு உறுதியான விடை இருந்தாலன்றி எவர் வடிவத்தையும் சரியென்றோ தவறென்றோ சொல்ல இயலாது. எனவே, அதுவரை வெளிவந்திருந்த படிக ஆய்வுகளிலிருந்து அணுக்களின் இடைத்தொலைவுகளைத் திரட்டினர் சென்னை ஆய்வாளர்.

புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு இடங்களிலேயே தாராளமாகத் திரும்பக்கூடியது. அத்திருப்பங்களின் அளவுகள் இன்று ஃபை, சை என்னும் கிரேக்க எழுத்துகளால் குறிக்கப்படுகின்றன. ஒன்றைக் கிடை அச்சிலும் மற்றொன்றைக் குத்து அச்சிலும் குறித்து, எந்தக் கோணச் சேர்க்கையில் அணுக்கள் மோதுகின்றன, எதில் மோதவில்லை என்று கணக்கிட்டனர். படத்தின் பெரும்பகுதி விலக்கப்பட்ட நிலமாயிற்று. சில தீவுகளே எஞ்சின. அணுவளவில் வடிவம் அறியப்பட்ட புரதங்கள் அரிதாயிருந்த காலத்தில், புரதம் எவ்வாறெல்லாம் மடியலாம் என்பதை அப்படம் முன்கூட்டியே வரையறுத்தது. சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் இணைந்து 1963இல் அவர் வெளியிட்ட அப்படமே இன்று இராமச்சந்திரன் வரைபடம் என வழங்குகிறது.

பிற்காலம்

1971இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தோற்றுவித்தார். அவ்வாண்டிலேயே ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் இணைந்து, பல திசைகளிலிருந்து எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களைக் கொண்டு உள்ளுருவத்தைக் கணக்கிடும் எளிய கணித முறையை வெளியிட்டார். மருத்துவமனைகளில் எடுக்கப்படும் சி.டி. ஸ்கேன் படங்களின் வளர்ச்சிக்கு அம்முறை துணைநின்றது. 1977இல் இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. படிகவியலின் உயரிய விருதான எவால்டு பரிசு 1999இல் கிடைத்தது. நோபல் பரிசு அவரை வந்தடையவில்லை.

2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் அவர் மறைந்தார். இன்றும் உலகின் எம்மூலையில் ஒரு புரதத்தின் வடிவம் புதிதாகக் கண்டறியப்பட்டாலும், அது சரிதானா என்று ஆய்வாளர்கள் இராமச்சந்திரன் வரைபடத்தில் இட்டுப் பார்க்கின்றனர். தம் வடிவத்தின்மேல் பிறர் எழுப்பிய ஐயத்திலிருந்து பிறந்த அளவுகோல், இன்று எல்லோருடைய வடிவங்களையும் அளக்கிறது.