பஞ்சமம் என்று பெயர் பெற்றவர்

குடுமியான்மலைப் பாறையில் பொறிக்கப்பட்டிருக்கும் இசைக் கல்வெட்டு ஏழு பிரிவுகளை உடையது. அவற்றுள் ஒன்றின் பெயர் பஞ்சமம். ஏழு சுரங்களுள் ஐந்தாவதற்கும் அதுவே பெயர். பழந்தமிழிசையில் அதனை இளி என்றனர். கல்கத்தாவில் 1939 ஜூன் 27 அன்று பிறந்த ஓர் ஆண்குழந்தைக்கு இந்தச் சுரத்தின் பெயரே வீட்டுப் பெயராக வாய்த்தது. அழும்போது அக்குழந்தையின் குரல் ஐந்தாம் சுரத்தில் நின்றது என்பது ஒரு கதை. மழலையில் பகரத்தையே திரும்பத் திரும்பச் சொன்னதைக் கேட்டு நடிகர் அசோக் குமார் இட்ட பெயர் என்பது மற்றொரு கதை. வங்காளத்தார் அதனைப் பஞ்சம் என்று சுருக்கி அழைத்தனர். தமிழில் அச்சொல் வறட்சியைக் குறிக்கும். இளி என்றாலோ இகழ்ச்சிப் பொருளும் உண்டு. ராகுல் தேவ் பர்மனின் வாழ்வில் வளமே மிகுதி. வறட்சியும் இகழ்ச்சியும் இறுதி ஆண்டுகளில்தான் வந்து சேர்ந்தன.

தந்தை சச்சின் தேவ் பர்மன் திரிபுரா அரச குடும்பத்தவர்; வங்கத்து ஓடக்காரர் பாடல்களின் சாயலைத் திரையிசைக்குக் கொண்டுவந்தவர். தாய் மீரா பாடலாசிரியர். மைந்தர் அலி அக்பர் கானிடம் சரோதும் சாம்தா பிரசாத்திடம் தபலாவும் பயின்றார். சிறுவயதில் அவர் முணுமுணுத்த மெட்டு ஒன்றைத் தந்தை 1956இல் ‘ஃபன்டூஷ்’ படத்தில் பயன்படுத்திக்கொண்டார். தன் மெட்டைத் திருடிவிட்டதாக மகன் முறையிட, மக்களுக்குப் பிடிக்கிறதா என்று பார்க்கவே அவ்வாறு செய்ததாகத் தந்தை விடையிறுத்தாராம். தந்தையின் உதவியாளராக இருந்த காலத்தில் 1958ஆம் ஆண்டின் ‘சோல்வா சால்’ படப் பாடலொன்றில் மவுத் ஆர்கன் வாசித்தவரும் இவரே. நகைச்சுவை நடிகர் மெஹ்மூத் தயாரித்த ‘சோட்டே நவாப்’ (1961) இவர் தனியே இசையமைத்து வெளிவந்த முதற்படம். பெயர் நிலைத்தது 1966இல், ‘தீஸ்ரி மன்ஸில்’ படத்தால். அப்படத்தின் நாயகர் ஷம்மி கபூருக்கு இந்த இளைஞரிடம் முதலில் நம்பிக்கை இல்லை. மெட்டுகளைக் கேட்ட பின்னரே இசைந்தார்.

அப்படத்தின் இசையில் ஒலித்த மேனாட்டுத் தாளங்கள் எவ்வழியே பம்பாய்க்கு வந்தன என்பதை அறிய, கோவாவை நோக்க வேண்டும். 1961 வரை போர்த்துகீசியர் ஆட்சியில் இருந்த அந்நிலத்தின் தேவாலயப் பள்ளிகளில் சிறுவர்கள் மேனாட்டு இசைக்குறியீட்டையும் வயலினையும் கற்றனர். வளர்ந்தபின் பம்பாய், கல்கத்தா விடுதிகளில் ஜாஸ் வாசித்தும், திரைப்பட இசைக்கூடங்களில் பணிசெய்தும் பிழைத்தனர். இசையமைப்பாளரின் பெயர் சுவரொட்டியில் வரும். பல்லியம் எழுதிக் கொடுத்த கோவாக்காரரின் பெயர் பெரும்பாலும் வராது. அவர்களுள் ஒருவரான அந்தோனி கொன்சால்வெஸ் பர்மனுக்கும் ஆசிரியராக இருந்தவர்.

அதே போர்த்துகல் 1822 வரை பிரேசிலையும் ஆண்டது. அங்கே அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் முழவோசையோடு போர்த்துகீசியப் பாட்டு கலந்து வளர்ந்ததே சாம்பா. தெருவில் நூறு முழவுகள் அதிர ஒலிக்கும் அந்தத் தாளத்தை 1958இல் ஜோவாவ் ஜில்பெர்த்தோ ஒரே கிதாரின் விரலசைவுக்குள் அடக்கி, காதருகே பேசுவதுபோல் பாடினார். மெட்டமைத்தவர் அந்தோனியோ கார்லோஸ் ஜோபிம். சொற்களைத் தந்தவர் அந்நாட்டின் பெருங்கவிஞரும் தூதரக அதிகாரியுமாகிய வினிசியஸ் டி மொராயஸ். போஸா நோவா என்று வழங்கும் அப்பாணியில் கவிஞனுக்கு முதலிலிருந்தே இடமிருந்தது என்பது இங்கே கருதத்தக்கது. 1964க்குள் அப்பாணி உலகெங்கும் பரவிற்று.

ஜாஸ் டிரம்ஸ் கலைஞர் லெஸ்லி கொடின்ஹோ இத்தாளத்தைப் பர்மனுக்கு அறிமுகம் செய்தார் என்பர். 1966இல் வெளிவந்த ‘பதி பத்னி’ படத்தில் ஆஷா போஸ்லே பாடிய பாடலொன்றில் அது அப்படியே ஒலிக்கிறது. இத்தாளத்தின் அழகு, அழுத்தம் விழவேண்டிய இடத்தில் விழாமல், அதற்குச் சற்று முன்னோ பின்னோ விழுவதில் இருக்கிறது. கருநாடக இசையார் அதீதம், அனாகதம் என்று எடுப்பைப் பிரித்துப் பேசுவதோடு இதனை ஒப்பிடலாம். யாப்பறிந்தோர்க்கு இன்னும் எளிதாகச் சொல்வதானால், வகையுளி போன்றது: சொல் ஓரிடத்தில் முடிய, சீர் வேறிடத்தில் முடிகிறது. புலவர் அதனைக் குறையாகக் கருதுவர்; பர்மன் அதனையே சுவையாக்கினார்.

மின் பியானோவைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். பியானோவில் சுத்தியல் கம்பித் தந்தியைத் தட்டுகிறது. ஹெரால்ட் ரோட்ஸ் என்பவர் உருவாக்கிய மின் பியானோவில் அது சிறு உலோகக் குச்சியைத் தட்ட, அந்த அதிர்வு மின்னலையாகி ஒலிபெருக்கியை அடைகிறது. மென்மையாகத் தொட்டால் மணியோசை. ஓங்கி அடித்தால் உறுமல். 1970களில் அசிமுத் என்னும் பிரேசில் குழுவினர் சாம்பாவையும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஃபங்க் தாளத்தையும் இக்கருவியின் துணையோடு இணைத்தனர். எல்லாரும் அதனை வரவேற்றுவிடவில்லை. 1974இல் பாடகி எலிஸ் ரெஜினாவும் ஜோபிமும் சேர்ந்து லாஸ் ஏஞ்சல்ஸில் இசைத்தட்டு பதிவு செய்தபோது, பியானோ இசைஞர் செஸார் கமார்கோ மரியானோ மின் பியானோவைக் கொண்டுவர, ஜோபிம் முதலில் மனம் ஒப்பவில்லை. புதுப்பாணியின் தந்தையே புதுக்கருவிக்கு முகம் சுளித்தார்!

பர்மனிடம் அந்தத் தயக்கம் இல்லை. மின்கிதாரும் மின் ஆர்கனும் மின் பியானோவும் அவருடைய இசைக்கூடத்தில் சரோது, தபலாவோடு ஒரே வரிசையில் அமர்ந்தன. சின்தசைசரை இந்தியத் திரையிசைக்குக் கொண்டுவந்தவர்களுள் முன்னோடியாகிய கெர்சி லார்ட் அவருடைய குழுவில் வாசித்தவர். கல்கத்தா விடுதியில் ஜாஸ் பியானோ வாசித்துக்கொண்டிருந்த லூயிஸ் பேங்க்ஸைப் பம்பாய்க்கு அழைத்து, ‘முக்தி’ (1977) படப் பாடல்களில் வாசிக்க வைத்தார். விலை மிக்க கருவி மட்டுமே வேண்டும் என்பதும் இல்லை. ‘படோசன்’ (1968) பாடலில் சீப்பைக் கீறிய ஓசை தாளமாயிற்று. ‘யாதோன் கி பாராத்’ (1973) பாடல் கண்ணாடிக் கிண்ண ஒலியோடு தொடங்குகிறது. ‘ஷோலே’யில் (1975) புட்டியின் வாயில் ஊதிய காற்று இசையாயிற்று. பிரேசிலின் வரிக்கீறல் கருவியாகிய ரெக்கோ ரெக்கோவும் நேபாளத்து மாதலும் அவரிடம் இடம்பெற்றன. பஜனைக்கு உரியதாயிருந்த கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றிய புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் துணிவோடு இதனை ஒரு தட்டில் வைத்து நிறுக்கலாம். கஞ்சிராவின் தூரத்து உறவாகிய பான்டெய்ரோ இன்றி பிரேசிலில் சாம்பா இல்லை என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளலாம்.

அவர் மீதான குற்றச்சாட்டு ஒன்றை மறைத்தல் தகாது. ‘ஷோலே’யில் அவரே கரகரத்த குரலில் பாடிய பாடலின் மெட்டு கிரேக்கப் பாடகர் டெமிஸ் ரூசோஸுடையது. 1977இல் ‘ஹம் கிஸி சே கம் நஹீன்’ படத்தில் சுவீடன் நாட்டு ஆபா குழுவினரின் பாடல் ஒன்று ஏறக்குறைய அப்படியே வந்தது. கேட்டுக் கற்ற தாளத்தைத் தன்வயமாக்குவது வேறு. மெட்டை எடுத்தாள்வது வேறு. முன்னதில் அவர் பெருங்கலைஞர். பின்னதில் தயாரிப்பாளரின் விருப்பத்துக்கு வளைந்தவர். ஆயினும் ‘அமர் பிரேம்’ (1972) பாடல்களைக் கேட்டவர் எவரும் இந்துஸ்தானி ராகங்கள் அவருக்கு வேற்று நிலம் என்று சொல்லத் துணியார்.

இந்தி எதிர்ப்புப் போராட்டம் கனன்று நான்கைந்து ஆண்டுகளே ஆகியிருந்த தமிழ்நாட்டில், 1970களின் தொடக்கத்து இளைஞர்கள் அவர் பாடல்களை முணுமுணுத்தனர். அவர்களுள் பலருக்கு ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. ‘யாதோன் கி பாராத்’ தமிழில் ‘நாளை நமதே’ (1975) ஆகி, எம்.எஸ். விஸ்வநாதன் வேறு மெட்டுகள் அமைத்த பிறகும், இந்தி மூலத்தின் பாடல்களுக்குத் தமிழ்நாட்டில் இடம் குறையவில்லை. பாட்டு சொல்லின்றியும் பயணம் செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கவிஞர்களுக்கு இது அவ்வளவு உவப்பான செய்தியும் அன்று.

பர்மனும் சொல்லை அத்துணை பொருட்படுத்தியவர் அல்லர். பெரும்பாலும் மெட்டு முந்தி வரும். சொல் பிந்தி வந்து அதற்குள் அடங்க வேண்டும். கவிஞர் குல்ஸாருடன் அவர் சேர்ந்தபோது இந்த வழக்கம் சோதனைக்கு உள்ளாயிற்று. ‘பரிச்சய்’ (1972) படத்துக்காக முதல் வரிகள் கிடைத்ததும், நள்ளிரவில் குல்ஸாரைக் காரில் ஏற்றிக்கொண்டு, மெட்டைக் கேட்கச் செய்து, பம்பாய்த் தெருக்களில் சுற்றினாராம். அங்கே சொல்லும் மெட்டும் ஒன்றையொன்று தேடிக்கொண்டே சென்றன. ‘ஆந்தி’ (1975), ‘கர்’ (1978), ‘மாசூம்’ (1983) என்று அந்த நட்பு வளர்ந்தது. குல்ஸாரின் வரிகள் பேச்சுநடையை ஒட்டியவை, எதுகையைத் துரத்தாதவை. திரைப்பாட்டுக்குப் புதுக்கவிதை ஒவ்வாது என்று தமிழிலும் பலர் சொல்லிவந்த காலம் அது.

‘இஜாஸத்’ (1987) படத்துக்குக் குல்ஸார் கொண்டுவந்த கவிதையில் எதுகையும் இல்லை. அளவொத்த அடிகளும் இல்லை. பிரிந்துபோன ஒருத்தி, தன் பொருள்கள் சில அவனிடமே தங்கிவிட்டன, திருப்பி அனுப்புக என்று கேட்கிறாள். அப்பொருள்களோ கையால் தொடக்கூடியவை அல்ல. சில நாள்கள், ஓர் இரவு, சில நினைவுகள். தாளைப் பார்த்த பர்மன் எரிச்சலுற்று, நாளை செய்தித்தாளைக் கொணர்ந்து அதற்கும் மெட்டமைக்கச் சொல்வீர் போலும் என்ற பொருள்படப் பேசித் தள்ளிவைத்தார். அருகிலிருந்த ஆஷா போஸ்லே அக்கவிதையின் ஒரு துணுக்கைத் தன்பாட்டில் முனகினார். பர்மனின் செவி அதைப் பற்றிக்கொண்டது. பின்னர் அவர் செய்தது எளியதன்று: சீரற்ற அடிகளைச் சீராக்க முயலாமல், மூச்சு நீளும் இடத்தில் நீட்டி, சொல் நிற்கும் இடத்தில் நிறுத்தி, தாளத்தை அதன் அடியில் தாழ ஓடவிட்டார். அழுத்தம் தள்ளி விழும் தாளத்தில் இருபதாண்டு பழகிய கைக்கு, அடி நீண்டும் குறுகியும் வரும் கவிதை பகையாக இருந்திருக்க முடியாது. அப்பாட்டுக்காக அவ்வாண்டுக்குரிய தேசிய விருதை ஆஷா போஸ்லே பெற்றார், குல்ஸார் பெற்றார். மெட்டமைத்தவருக்கு அந்த வரிசையில் இடமில்லை.

அப்போது அவருக்கு வேறு வரிசைகளிலும் இடமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. 1980களின் நடுவில் அடுத்தடுத்துப் படங்கள் தோற்றன. டிஸ்கோ இசையை எந்திரங்களே வாசிக்க, நூறுபேர் அமர்ந்த இசைக்கூடங்கள் சுருங்கின. மின்கருவிகளுக்கு முதலில் கதவு திறந்தவரை மின்கருவிகளின் காலம் வெளியே நிறுத்தியது. பேசி முடித்த படம் வேறொருவர் கைக்குப் போன நிகழ்வும் உண்டு. அந்த ஆண்டுகளில்தான் அவர் தமிழுக்கும் வந்தார்: ‘பூ மழை பொழியுது’ (1987), ‘உலகம் பிறந்தது எனக்காக’ (1990). இளையராஜாவின் பேராட்சி நடந்த காலத்தில் வந்த அவ்விரு வருகைகளும் பெரிதாகப் பேசப்படவில்லை. லத்தீன் அமெரிக்க இசைஞர் ஹொசே ஃப்ளோரஸுடன் இணைந்து ‘பன்தேரா’ என்னும் இசைத்தொகுப்பையும் அவர் வெளியிட்டார். இளமையில் இரவல் பெற்ற தாளத்தின் வீட்டுக்கே விருந்தாளியாகச் சென்றதுபோன்ற முயற்சி அது, விலைபோகவில்லை. 1988இல் மாரடைப்பு வந்தது. இதய அறுவைச் சிகிச்சையும் நடந்தது.

‘1942: எ லவ் ஸ்டோரி’ படத்துக்கு அவரை அழைத்தபோது, அவர் காலம் முடிந்தது என்றே பலரும் கருதியிருந்தனர். பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் ஒரு பாட்டை எழுத மறந்து வந்து, வரும் வழியில் தோன்றியதை வைத்துக்கொண்டு, ஒரு பெண்ணைக் கண்ட கணத்தை உவமைகளாகவே அடுக்கலாம் என்றாராம். உவமை மேல் உவமை. முதற்பகுதியை எழுதிக் கொடுத்த சில நிமிடங்களில் பர்மன் மெட்டைப் பாடிக் காட்டிவிட்டார். மெட்டுக்குச் சொல் தேடியவரிடம் இம்முறை சொல்லே முந்தி வந்தது. அதில் சீப்பும் இல்லை, புட்டியும் இல்லை. தந்தையின் வங்கத்து மெட்டுகளை நினைவூட்டும் அமைதி.

1994 ஜனவரி 4 அன்று பம்பாயில் அவர் இறந்தார். அகவை 54. படம் அதே ஆண்டில் பின்னர் வெளிவந்தது. பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. 1995இல் அவருக்கு ஃபிலிம்ஃபேர் விருது அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே, புதிய இசைத்திறனுக்கென்று அவர் பெயரால் ஒரு விருதையும் ஏற்படுத்தினர். அதனை முதலில் பெற்றவர் சென்னையிலிருந்து சென்ற இளைஞர் ஏ.ஆர். ரஹ்மான்.