கோவை இராமலிங்கம் செட்டியார்

கோவை மாநகரின் வடபாலுள்ள சரவணம்பட்டிக் கடைவீதியில் ஒரு நாழிகை நடப்போமாயின், தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் இந்தியும் நம் செவியிற் படுகின்றன. அங்காடியில் அவை தம்முட் பூசலிடுவதில்லை. அரசாங்க ஏட்டில் எம்மொழி ஏறுவது என்னும் வினா எழும்போதே பூசல் பிறக்கின்றது. அவ்வினா பாரத தேசத்தின்முன் எழுந்தகாலை, நம் கொங்கு நாட்டார் ஒருவர் ஆற்றிய தொண்டினை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

திரு. தி. அ. இராமலிங்கம் செட்டியார் 1881ஆம் ஆண்டு திருப்பூரிற் செல்வக் குடியிற் பிறந்தவர். சட்டம் பயின்று கோவையில் வக்கீல் தொழில் நடத்தினார். கடன்பட்டு நலிந்த குடியானவர்க்குக் கூட்டுறவே உற்ற துணையெனக் கண்டு, அவ்வியக்கம் தழைக்க நெடுங்காலம் உழைத்தார். சென்னைச் சட்டசபையிலும் அங்கத்தினராய் விளங்கினார்.

பின்னர் அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தார். 1949ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் அங்கு நிகழ்ந்தது. அப்போது அவருக்கு வயது 68. இந்தியை அவர் முற்றும் மறுத்தாரல்லர். பேசுவோர் தொகை மிகுதி பற்றியே அதனை ஏற்கின்றோமென்றும், இலக்கியச் சிறப்பில் தென்மொழிகள் தாழ்ந்தனவல்லவென்றும் எடுத்துரைத்தார். வடகோடியிலுள்ள தலைநகருக்கு வரும் தென்னாட்டார் தம்மை அயலாராய் உணரும் துயரையும் மறையாது கூறினார். பெரும்பான்மையோர் விரைந்தால் ஒற்றுமை குலையுமென்பதே அவரது அச்சம்.

செப்டம்பர் 14ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. தேவநாகரி எழுத்திலமைந்த இந்தி ஒன்றியத்தின் ஆட்சிமொழியாயிற்று. ஆங்கிலம் 15 ஆண்டுகள் தொடர்வதென முடிவாயிற்று. தமிழ் உள்ளிட்ட 14 மொழிகள் எட்டாம் அட்டவணையில் இடம் பெற்றன. தத்தம் மொழியை ஆட்சிமொழியாக்கும் உரிமை மாநிலங்கட்குக் கிடைத்தது.

செட்டியார் கோவைத் தொகுதியினின்று முதல் மக்களவைக்குத் தேர்வுற்றார், 1952இல் மறைந்தார். ஆதலின், 1956இல் சென்னை மாநிலச் சட்டம் தமிழை ஆட்சிமொழியாக்கிய காட்சியை அவர் கண்டிலர். 1965இல் தமிழகம் கொந்தளித்ததையும், 1967ஆம் ஆண்டுத் திருத்தம் ஆங்கிலத்திற்கு உறுதி தந்ததையும் கண்டிலர். எனினும் அவர் அஞ்சியது வீணன்று என்பதை அந்நிகழ்ச்சிகள் காட்டின.

கடல் கடந்த பிலிப்பைன் தீவுகளிலும் இக்கதை உண்டு. 1937இல் தகாலொகு மொழியை அடிப்படையாகக் கொண்டு தேசியமொழி வகுக்கப்பட்டபோது, செபுவானோ மொழியினர் மனம் வருந்தினர். 1987ஆம் ஆண்டு அரசியலமைப்போ பிலிப்பினோவையும் ஆங்கிலத்தையும் ஆட்சிமொழிகளாக்கி, வட்டார மொழிகட்குத் துணைநிலை அளித்தது.

மாணவ அன்பர்காள்! தம் மொழியைப் போற்றுதல் எளிது. பிறமொழியை இகழாது தம்மொழிக்கு வழக்காடுதலே அரிது. அவ்வரிய நெறியில் நின்ற பெரியாரை நம்மூரார் என நாம் உரிமை கொண்டாடுகின்றோம். விடுதியில் நம்மருகே அமர்ந்துண்ணும் அயன்மொழித் தோழர் தம்மை அயலாராய் உணராவண்ணம் ஒழுகுவோமாயின், அவ்வுரிமைக்கு நாம் தகுதியுடையோராவோம்.