ஆல்ஃபிரட் பியூக்கி

ஆல்ஃபிரட் பியூக்கி (ஜூலை 11, 1879 - அக்டோபர் 27, 1959) சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த இயந்திரப் பொறியாளர் ஆவார். பொறியிலிருந்து வெளியேறும் புகையின் ஆற்றலைக் கொண்டே அப்பொறிக்குள் கூடுதல் காற்றைச் செலுத்தும் டர்போசார்ஜர் என்னும் அமைப்பை உருவாக்கியவர் இவர். 1905 இல் இவர் காப்புரிமை பெற்ற கருத்து நடைமுறையில் வெற்றி பெற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. இன்று கப்பல்கள், தொடர்வண்டி இன்ஜின்கள், சரக்குந்துகள், தானுந்துகள் எனப் பலவற்றில் இவ்வமைப்பு பயன்படுகிறது.

பிறப்பும் கல்வியும்

பியூக்கி சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் பிறந்தார். இவருடைய தந்தை யோகான் பியூக்கி, அந்நகரின் புகழ்பெற்ற சுல்சர் இயந்திர நிறுவனத்தில் உயர்பொறுப்பு வகித்தவர். பியூக்கி 1899 இல் சூரிச்சு நகரின் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படிக்கச் சேர்ந்து 1903 இல் பட்டம் பெற்றார். பின்னர் பெல்சியத்திலும் இங்கிலாந்திலும் பொறியாளராகப் பணியாற்றினார்.

1905 காப்புரிமை

உள் எரி பொறியில் எரிபொருள் தரும் வெப்ப ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு வீணாக வெளியேறுகிறது. மறுபுறம், ஒரு பொறியின் திறன் அது உள்ளிழுக்கும் காற்றின் அளவால் வரையறுக்கப்படுகிறது. காற்று போதாத நிலையில் எரிபொருளை மட்டும் கூட்டினால் அது முழுமையாக எரியாமல் கரும்புகையாக வெளிவரும். இவ்விரு சிக்கல்களையும் ஒன்றைக்கொண்டு மற்றொன்றைத் தீர்க்கலாம் என்பதே பியூக்கியின் எண்ணம்.

புகை ஒரு சுழலியைச் சுற்றும். சுழலி ஒரு காற்றமுக்கியைச் சுற்றும். அமுக்கி பொறிக்குள் காற்றைத் திணிக்கும். 1905 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் நாளிட்ட செருமானியக் காப்புரிமையில் இவர் அமுக்கி, உந்துருளைப் பொறி, சுழலி மூன்றையும் ஒரே அச்சில் இணைத்து வரைந்திருந்தார். ஆனால் அவ்வளவு வெப்பத்தைத் தாங்கி வேகமாகச் சுழலக்கூடிய உலோகங்கள் அக்காலத்தில் இல்லை.

சுல்சர் நிறுவனத்தில்

தாயகம் திரும்பிய பியூக்கி 1909 முதல் சுல்சர் நிறுவனத்தின் டீசல் ஆய்வுப் பிரிவில் பணியாற்றினார். 1911 இல் அங்கு சோதனைக்கூடம் ஒன்று அமைக்கப்பட்டது. 1915 இல் முதல் மாதிரி உருவானது. காற்று அடர்த்தி குறைந்த உயரங்களில் பறக்கும் வானூர்திகளின் பொறிகள் திறன் இழப்பதைத் தடுப்பது இதன் நோக்கம். ஆயினும் அது நம்பகமாக இயங்கவில்லை.

இதே காலத்தில் பிறரும் இத்துறையில் முயன்றனர். முதல் உலகப்போரின்போது பிரான்சில் ஆகுசுட்டு ராட்டோ வானூர்திப் பொறிகளில் சுழலிகளைப் பொருத்தினார். 1918 இல் அமெரிக்காவின் சான்ஃபோர்டு மாசு, பைக்சு மலை உச்சியில் டர்போசார்ஜர் பொருத்திய பொறியை இயக்கிக் காட்டினார்.

1925 வெற்றி

பியூக்கியின் வெற்றி பெரிய சுழலியால் வரவில்லை. பொறியின் ஏனைய பகுதிகளை அதற்கேற்ப மாற்றியமைத்ததால் வந்தது. பல உருளைகளின் புகை ஒரே குழாயில் கலக்கும்போது ஓர் உருளையின் புகை அழுத்தம் அடுத்த உருளையின் வெளியேற்றத்தைத் தடுத்தது. 1925 ஆம் ஆண்டுக் காப்புரிமையில், எரியும் வரிசைக்கேற்ப உருளைகளைக் குழுக்களாகப் பிரித்துத் தனித்தனிக் குழாய்களில் புகையைச் சுழலிக்குக் கொண்டுசென்றார். உள்வாயில், வெளிவாயில் அடைப்பிதழ்கள் இரண்டும் சிறிது நேரம் சேர்ந்து திறந்திருக்கச் செய்ததால், புதிய காற்று எஞ்சிய புகையைத் துடைத்து வெளியேற்றியது.

பால்டிக் கடலில் ஓடிய பிராய்சன், ஆன்சுட்டாடு டான்சிகு என்னும் இரு செருமானியப் பயணிகள் கப்பல்களில் இம்முறை பயன்படுத்தப்பட்டது. அவற்றின் பத்து உருளை டீசல் பொறிகளின் திறன் 1,750 குதிரைத்திறனிலிருந்து 2,500 குதிரைத்திறனாக உயர்ந்தது. பியூக்கி 1926 இல் சுல்சரை விட்டு விலகித் தம் பெயரில் ஒரு கூட்டமைப்பை நிறுவினார். இதில் பிரவுன் போவரி நிறுவனம் டர்போசார்ஜர்களைச் செய்தது. விண்டர்தூரின் தொடர்வண்டி இயந்திர ஆலை சோதனைக்கான பொறிகளை வழங்கியது.

மறைவு

பியூக்கி 1959 அக்டோபர் 27 அன்று தாம் பிறந்த விண்டர்தூரிலேயே காலமானார். விற்பனைக்கு வந்த தானுந்துகளில் டர்போசார்ஜர் இடம்பெற்றதை அவர் காணவில்லை. அமெரிக்காவின் ஓல்ட்சுமொபைல் செட்ஃபயர், செவர்லே கோர்வேர் ஆகியவை 1962 இல் டர்போசார்ஜருடன் வந்தன. பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ 1973 இலும், போர்சு 911 டர்போ அதற்கடுத்தும் வெளிவந்தன.

பழைய தானுந்துகளும் புகைச் சோதனையும்

பழைய விளையாட்டுவகைத் தானுந்துகளில் டர்போசார்ஜரைப் பின்னர் பொருத்த விழைவோர், பியூக்கி 1915 இல் எதிர்கொண்ட அதே சிக்கலைச் சந்திக்கின்றனர். டர்போசார்ஜரும் பொறியும் ஒரே அமைப்பாக இயங்க வேண்டும்.

பெட்ரோல் பொறியில் காற்றழுத்தம் கூடினால் எரிபொருட்கலவை உரிய நேரத்திற்கு முன்பே தானாக வெடித்துப் பொறி தட்டும். இதைத் தவிர்க்க அமுக்க விகிதத்தைக் குறைக்கவும், தீப்பொறி நேரத்தைத் தாமதப்படுத்தவும், உள்வரும் காற்றைக் குளிர்விக்கவும் வேண்டியுள்ளது. கார்புரேட்டர் வழியே எரிபொருளை மிகையாகக் கொடுத்துப் பொறியைக் காத்தால் கார்பன் மோனாக்சைடும் எரியாத ஐதரோகார்பன்களும் பெருகும். வினையூக்கி மாற்றி இருப்பின் அதுவும் பழுதாகும். எரிபொருளைக் குறைத்தால் வெப்பமும் நைட்ரசன் ஆக்சைடுகளும் கூடும். ஆக்சிசன் உணரியுடன் கூடிய மின்னணு எரிபொருள் தெளிப்பு இவ்விரண்டுக்கும் இடையே கலவையைச் சரியாக நிறுத்த உதவுகிறது.

இந்தியாவில் பெட்ரோல் வண்டிகளின் புகைச் சோதனை பொறி சும்மா ஓடும் நிலையில் நடத்தப்படுகிறது. அந்நிலையில் டர்போசார்ஜர் அழுத்தம் தருவதில்லை. ஆகவே இச்சோதனையில் தேறிய வண்டி சாலையில் முழுவேகத்தில் தூய்மையாக ஓடும் எனக் கொள்ள இயலாது. மேலும், 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. எனவே மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் மட்டும் இம்மாற்றத்தைச் சட்டப்படி செல்லத்தக்கதாக ஆக்காது.

வட சென்னையில்

பியூக்கியின் கண்டுபிடிப்பை வட சென்னைத் துறைமுகப் பகுதியில் எளிதாகக் காணலாம். சென்னைத் துறைமுகத்திற்கும், 2001 இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர் (காமராசர்) துறைமுகத்திற்கும் வரும் பெரிய சரக்குக் கப்பல்களின் டீசல் பொறிகளில் டர்போசார்ஜர்கள் உள்ளன. தண்டையார்ப்பேட்டைப் பணிமனையில் பராமரிக்கப்பட்ட ஆல்கோ வகைத் தொடர்வண்டி இன்ஜின்களும் இவ்வகையினவே. அவற்றுள் டபிள்யூ.டி.எம்.-2 என்னும் இன்ஜின் பதினாறு உருளைகளுடன் 2,600 குதிரைத்திறன் கொண்டது.

எண்ணூரில் 1948 இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்சு நிறுவனம் முதலில் ஆசுட்டின் தானுந்துகளை ஒருங்கிணைத்தது. 1955 இல் அசோக் லேலண்டு எனப் பெயர் மாறிச் சரக்குந்துகளுக்குப் பெயர் பெற்றது. பாரத் நிலை விதிகள் கடுமையானபோது கனரக டீசல் வண்டிகளில் டர்போசார்ஜர் பரவலானது. கூடுதல் காற்று கிடைப்பதால் எரிபொருள் நன்கு எரிந்து கரும்புகை குறைவதே இதற்குக் காரணம்.

எனினும், டீசல் வண்டிகளின் புகைச் சோதனையில் நடுநிலையில் வைத்து முடுக்கியைத் திடீரென மிதிக்கும்போது, சுழலி வேகமெடுப்பதற்குள் எரிபொருள் மிகுந்துவிட்டால் கரும்புகை வெளிப்படும். திருவொற்றியூர், எண்ணூர் சாலைகளில் நின்று நகரும் பழைய கொள்கலன் சரக்குந்துகளிலும் இதே நிலை திரும்பத் திரும்ப நேர்கிறது. 2020 ஏப்ரலில் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 விதிகளுக்கு ஏற்ற புதிய வண்டிகளில் டர்போசார்ஜருடன் மின்னணு எரிபொருள் கட்டுப்பாடும் புகை வடிகட்டிகளும் சேர்ந்து இயங்குகின்றன. பொறி முழுவதையும் ஓர் அமைப்பாகக் கருதிய பியூக்கியின் 1925 ஆம் ஆண்டு வழிமுறையின் தொடர்ச்சியாக இதனைக் கொள்ளலாம்.