அடிமையாகப் பிறந்த மண் பேராசிரியர்

1964-இல் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனபோது தமக்கு எத்தனை வயது என்று கணக்குப் பார்த்துத்தான் நம் கடற்கரை ஊர்ப் பெரியவர்கள் பலர் வயதைச் சொல்வார்கள். பிறப்பை எழுதிவைக்க ஆளில்லாத வீடுகள் அவை. வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வருக்கும் பிறந்த தேதி கிடையாது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், ஒரு பண்ணையில், 1864-ஐ ஒட்டி அடிமைத் தாய்க்குப் பிறந்தவர் அவர்.

கைக்குழந்தையாக இருந்தபோது கொள்ளையர்கள் தாயையும் பிள்ளையையும் கடத்திப் போனார்கள். பிள்ளை மீண்டது, தாய் மேரி மீளவே இல்லை. அடிமைமுறை ஒழிந்த பிறகும் ஊர்ப் பள்ளி கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. சிறுவன் கார்வர் நியோஷோ நகரத்துக்கு நடந்தே போய்ப் படித்தார். பிறகு ஊர் ஊராக, துணி வெளுத்தும் சமையல் செய்தும் படிப்பைத் தொடர்ந்தார். கன்சாஸில் ஹைலேண்ட் கல்லூரி அஞ்சல் வழியே அவருக்கு இடம் தந்தது. நேரில் போய் நின்றதும் தோலின் நிறத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தியது. சாதிச் சான்றிதழைப் பார்த்ததும் முகம் மாறும் இடங்களைக் கண்ட நமக்கு இது புதிதல்ல.

ஓவியம் கற்க 1890-இல் சிம்ப்சன் கல்லூரியில் சேர்ந்தார். அவர் வரைந்த செடிகளைக் கண்ட ஆசிரியை, தாவரவியல் படிக்க வழிகாட்டினார். 1891-இல் அயோவா வேளாண் கல்லூரியின் முதல் கறுப்பின மாணவரானார். 1894-இல் இளநிலை, 1896-இல் முதுநிலை. அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். அந்த ஆண்டே புக்கர் வாஷிங்டன் அழைக்க, அலபாமாவின் டஸ்கிகீ நிறுவனத்துக்கு வந்து, சாகும்வரை 47 ஆண்டுகள் அங்கேயே கற்பித்தார். தொடக்கத்தில் ஆய்வுக்கூடம் இல்லை. மாணவர்களோடு சேர்ந்து குப்பையில் கிடந்த சீசாக்களைப் பொறுக்கி அவரே அமைத்துக்கொண்டார்.

சுற்றிலும் வாரத்துக்கு உழும் கறுப்பின மக்கள். நிலமும் கடனும் வெள்ளையர் கையில். கடன் கொடுத்தவர் பருத்தி மட்டுமே கேட்டார். ஆண்டுக்கு ஆண்டு பருத்தியே போட்டதில் மண்ணின் தழைச்சத்து வற்றியது. நிலக்கடலையும் தட்டைப்பயறும் போடுங்கள் என்றார் கார்வர். அவற்றின் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை இழுத்து மண்ணில் சேர்க்கும். சதுப்புச் சேற்றையும் இலைமக்கையும் அள்ளிப் போடச் சொன்னார். கண்மாய் வண்டல் அடிக்கும், ஆட்டுக்கிடை போடும் நம் கமுதி, முதுகுளத்தூர் உழவர்களுக்கு அது தெரிந்த கணக்குதான். காசு கொடுத்து உரம் வாங்க வழியில்லாதவருக்கான அறிவியல் அது. களைத்த மண்ணை வளமாக்குவது பற்றி 1905-இல் எளிய நடையில் சிறு வெளியீடு எழுதினார். 1906-இல் குதிரை வண்டியில் கருவிகளும் விதைகளும் ஏற்றி, பள்ளிக்கு வரமுடியாத உழவரிடம் பள்ளியையே அனுப்பினார்கள்.

1921-இல் நிலக்கடலை இறக்குமதி வரி குறித்து அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் பேசினார். கேலியோடு தொடங்கியவர்கள், கொடுத்த பத்து நிமிடத்தைத் தாண்டியும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். புகழ் அதன்பின் பெருகியது. வேர்க்கடலை வெண்ணெயை அவர்தான் கண்டுபிடித்தார் என்பது கட்டுக்கதை. மண்ணுக்கு அவர் செய்ததே பெரிது.

1943 ஜனவரி 5-இல் இறந்தார். சேமிப்பை ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு விட்டுச்சென்றார். பிறந்த பண்ணை அதே ஆண்டில் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது.

அவரிடம் நமக்குக் குறையும் உண்டு. நிறவெறியை அவர் வெளிப்படையாக எதிர்த்துப் பேசவில்லை என்ற விமர்சனம் நியாயமானது. மண் வளமானாலும் அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அப்படியே நின்றது. நம்மிடமும் நிற்கிறது. ஒடுக்கப்பட்டோருக்கென 1892 முதல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி பிறர் கையில். வாரத்துக்கு உழுபவர் பயிர்க்கடன் கேட்டுப் போனால் பட்டா எங்கே என்கிறார்கள்.

ராமநாதபுரத்தில் கடலோர உவர்நில ஆராய்ச்சி மையமும், பரமக்குடியில் வேளாண் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. நம் பிள்ளைகள் அங்கே கூலியாட்களாக மட்டுமல்ல, விஞ்ஞானிகளாகவும் நுழைய வேண்டும். அவர்கள் ஆராயும் மண்ணில் ஒரு துண்டாவது அவர்களைப் பெற்றவர் பெயரில் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தே கேட்போம்.